பச்சைக் கொடிக்கு முன்னால்

பிப்ரவரி 3, திங்கள்

தென்காசி. உறக்கம் நன்று. கால் நன்று.

உறக்கம், கால், சாப்பாடு. பயிற்சியாளர் என்னிடம் தினமும் எழுதச் சொன்னது இவ்வளவுதான். மிச்சம் எழுதுவது என் பழக்கதோஷம்.

காலையில் குற்றாலம் சாலையில் மெதுவாகச் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தோம். மத்தியானம் வேகவைத்த கோழி, சோறு, தயிர். பின்சக்கரத்துக்குப் புது டயர் மாட்டினேன். பந்தயத்தில் எங்கள் பின்னால் வரும் அணிக் காரை ஓட்டும் ஜெபராஜ் அண்ணன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாசரேத்துக்காரர். இந்த அணியில் நானும் அவரும்தான் இந்தப் பக்கத்து ஆட்கள். "எலே இசக்கி, கடையத்துக்குப் போயி அம்மையப் பாத்துட்டு வரலாம்லா, பக்கந்தான" என்றார். பந்தயம் முடிந்து போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மேலாளர் பிரபாகர் சார் கூட்டம் போட்டார். ஐந்து நாள் பந்தயம். ஜெயிக்க வேண்டியது தேஜஸ். அவனுக்குக் காற்றை மறிப்பதும், வண்டியிலிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. இருபத்தொன்பது வயதில் வேறு அணி கூப்பிடாது. கூட்டம் முடிந்ததும் சார் தோளைத் தட்டி, "இதை நல்லா பண்ணுங்க முத்து, அடுத்த வருஷம் பத்திப் பேசிக்கலாம்" என்றார். என் பெயரில் முன்பாதி ஜெபராஜ் அண்ணனுக்கு, பின்பாதி சாருக்கு.

எங்கே பார்த்தாலும் 'பசுமைப் பந்தயம்' என்று தட்டி வைத்திருக்கிறார்கள். பாதை நெடுக சில இடங்களில் மட்டும் பச்சைக் கொடி நட்டிருக்கும். காலிப் பாட்டில், தின்பண்ட உறை எல்லாம் அங்கேதான் போட வேண்டும். வேறெங்காவது போட்டால் அபராதமும் தண்டனை நேரமும். இரண்டாம் முறை என்றால் பந்தயத்தை விட்டே வெளியே.

பிப்ரவரி 4, செவ்வாய்

உறக்கம் நன்று. கால் நன்று.

காலையில் பாறையடியூர் நடுநிலைப் பள்ளிக்கு அழைத்துப்போனார்கள். பந்தயத்தின் பசுமைப் பிரிவில் இருக்கும் நிவேதா என்ற பெண் வந்திருந்தார். உள்ளூர்க்காரர் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். கடையத்துக்காரன் பாறையடியூருக்கு உள்ளூர்க்காரன் ஆனது இன்றைக்குத்தான்.

பிள்ளைகள் எல்லாருக்கும் பச்சைத் தொப்பி. நாளை மறுநாள் பந்தயம் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ரோட்டோரம் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். முன்னதாக ஓர் உறுதிமொழி. நான் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். "என் ஊர்ச் சாலையில் கிடக்கும் குப்பையை என் கையால் எடுப்பேன்."

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. தொப்பி பெரிது, கண்வரை இறங்கியிருந்தது.

"அண்ணே, சைக்கிள் ஓட்டுதவங்க போடுத குப்பைய யாரு எடுப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். "வைஷாலி, உக்காரு" என்றார் டீச்சர். நான் பரவாயில்லை என்று சொல்லி, "நாங்க கண்ட எடத்துல போட மாட்டோம். பச்சக் கொடிகிட்டதான் போடுவோம்" என்றேன்.

"தப்பிப்போயி விழுந்துட்டுன்னா?"

"அப்ப நீ எடுத்துரு. ஒங்க ஊரு ரோடுல்லா."

நல்ல கைதட்டல். நிவேதா அதை வீடியோ எடுத்துக்கொண்டார். மத்தியானமே பந்தயத்தின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்களாம். அம்மா போன் பண்ணி, பக்கத்து வீட்டில் காட்டினார்கள், நல்லாப் பேசியிருக்கிறாய் என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

முதல் நாள் முடிந்தது. சமதரை, எதிர்க்காற்று. கால் கொஞ்சம் கனம். தேஜஸ் முதல் பத்துக்குள். ராத்திரி இரண்டு தட்டுச் சோறு.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டாம் நாள். தென்காசியிலிருந்து பாபநாசம் வழியாக மணிமுத்தாறு. உறக்கம் நன்று. கால் நன்று.

தேஜஸ் இன்றைக்கு மூன்றாவது. ஒட்டுமொத்தக் கணக்கில் முதலிடம். முதலிடக்காரன் அணியும் தலைமைச் சட்டை நம் அணிக்கு.

பாறையடியூரில் எங்களுக்குப் பின்னால் ஒரு விபத்து. எங்கள் அணி வண்டி ஒரு சிறுமி மேல் மோதிவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எனக்குப் பந்தயம் முடிந்த பிறகுதான் தெரியும்.

பாட்டில்களைப் பச்சைக் கொடி இடத்தில்தான் போட்டேன்.

ஊர் நெருங்கும்போது கேரளாக்காரர்கள் இரண்டு பேர் பிய்த்துக்கொண்டு முன்னால் போனார்கள். தேஜஸிடம் தண்ணீர் இல்லை. மலை ஏற்றத்துக்கு முன் கொடுத்தாக வேண்டும். காலியை எல்லாம் கழித்துவிட்டு ரேடியோவில் வண்டியைக் கூப்பிட்டேன். வண்டி வரவில்லை. வேறு அணிக்காரனிடம் ஒரு பாட்டில் கேட்டு வாங்கித் தேஜஸுக்குக் கொடுத்தேன். ஏன் வரவில்லை என்று எரிச்சலாக இருந்தது. திட்டிக்கொண்டேதான் மலை ஏறினேன்.

முடிந்ததும் நடுவர்கள் கூப்பிட்டார்கள். அவர்கள் முன்னால் போவதற்குள் பிரபாகர் சார் என்னைத் தனியே அழைத்தார். சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. வண்டியில் முன்சீட்டில் இருந்தவர் அவர்தான்.

"முத்து, நீங்க பச்சைக் கொடிகிட்டதான பாட்டில் போட்டீங்க?"

"ஆமா சார்."

"அவ்வளவுதான். அதையே சொல்லுங்க."

அவர் கேட்ட விதத்துக்கு வேறு பதில் கிடையாது. நடுவர்களிடமும் அதையே சொன்னேன். ஜெபராஜ் அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

சைக்கிளைக் கழுவினேன். துணி துவைத்தேன். சாப்பாடு கொஞ்சம்.

பிப்ரவரி 7, வெள்ளி

உறக்கம் சுமார்.

இன்றைக்கு அணி வண்டிக்குப் புது டிரைவர். ஜெபராஜ் அண்ணன் ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டாராம், லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "வேகத்தைக் குறைங்கன்னு நான் சொன்னேன், அவர் கேக்கல" என்று பிரபாகர் சார் போலீசில் சொல்லியிருக்கிறார். காலைச் சாப்பாட்டில் எங்களிடமும் அப்படியே சொன்னார். யாரும் நிமிரவில்லை. அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். தோல் சரியாக வரவில்லை.

பேப்பரில் வந்திருக்கிறது. 'இலவசப் பாட்டிலுக்காக ஓடிய சிறுமி மீது கார் மோதல்.' பந்தயக்காரர்கள் எறியும் பாட்டிலைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வது உண்டு. வைஷாலி, வயது பத்து. தலையில் அடி, நினைவில்லை.

பெயரை இரண்டு முறை படித்தேன். அந்தப் பக்கம் எத்தனையோ வைஷாலிகள் இருப்பார்கள்.

பிப்ரவரி 8, சனி

தேஜஸ் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டான். கடைசி ஏற்றத்தில் அவனுக்கு முன்னால் காற்றை மறித்து இழுத்தது நான்தான். இப்படி இழுத்து வருடக்கணக்காகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். வலி இருக்கும்வரை நன்றாக இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

முடிந்தது. தேஜஸ் சாம்பியன்.

பரிசளிப்பில் 'சுத்தமான அணி' என்று ஒரு விருது உண்டாம். பாதையில் குப்பை போட்டதாக ஒரு புகாரும் இல்லாத அணிக்கு. எங்களுக்குக் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரன் என்று பிரபாகர் சார் என்னை மேடைக்கு அனுப்பினார். வேப்பங்கன்று ஒன்று, மூங்கிலில் செய்த கேடயம் ஒன்று. நிவேதா மைக்கைக் கொடுத்து ஏதாவது பேசச் சொன்னார். நன்றி என்றேன். இறங்கும்போது அவர் கண்ணைப் பார்த்தேன், அவரும் நன்றாக உறங்கவில்லை போலிருந்தது.

ஏற்பாட்டாளர்கள் அந்தப் பிள்ளைக்காக ஒரு செய்தி வாசித்தார்கள். விரைவில் குணமடைய வேண்டுமாம். பெற்றோர்கள் பிள்ளைகளைச் சாலையிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

சார் அடுத்த வருட ஒப்பந்தம் உண்டு என்று சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கடையம், வீடு. அம்மா வேப்பங்கன்றைப் பின்னால் நட்டாள்.

பஸ் பிடித்து நாசரேத் போனேன். ஜெபராஜ் அண்ணன் வீட்டில் இருந்தார். அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சார் மெதுவாப் போகச் சொன்னாராண்ணே?"

"எங்க சொன்னாரு. தண்ணி வேணும்னு நீ ரேடியோல கேட்ட ஒடனே போ, போ, போன்னு கையாட்டிட்டே இருந்தாரு. நானும் போனேன். பழி வேற யாரு மேலயும் போட மாட்டேன், ஓட்டுனது நாந்தான."

தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு அவராகவே சொன்னார்.

"பிள்ள சடார்னு ஓடி வரல இசக்கி. அதான் எனக்குத் தாங்க முடியல. சைக்கிள் கூட்டம் போனப்பொறவு ரெண்டு பக்கமும் பாத்துச்சாம், கூட நின்ன பிள்ளையள் சொல்லுச்சு. வளைவுல்லா, எங்க வண்டி தெரியாது. நடுரோட்டுக்கு வந்து குனிஞ்சுச்சு. பெரிய தொப்பி போட்டுருந்துச்சு, பச்சத் தொப்பி. குனிஞ்சதுல மொகம் தெரியல."

நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"நீ எங்கல போட்ட?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. தெரு முனைவரை கூட வந்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் அந்தப் பிள்ளை இறந்துவிட்டது. நிவேதா போன் பண்ணினார். "உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார். அந்த வீடியோவைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மிதிக்கப் போனேன். ஆழ்வார்குறிச்சி தாண்டித் திரும்பிவிட்டேன்.

அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "என்னல ஆச்சு ஒனக்கு" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

எழுதிவிடுகிறேன். பச்சைக் கொடி பாறையடியூரைத் தாண்டி, வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் இருந்தது. எனக்கு அது தெரியும். காலையில் பாதைப் படத்தில் பார்த்திருந்தேன். ஆனால் பாலம்வரை காலிப் பாட்டில்களைச் சுமந்துகொண்டு போனால், அப்புறம் வண்டிக்குக் கூப்பிட்டு, வாங்கி, தேஜஸைப் பிடிக்க முடியாது. மூன்று பாட்டில். இரண்டை ஊருக்கு முன்னாலேயே புளியமரத்தடியில் எறிந்தேன். மூன்றாவது கையில் இருந்தபோது வளைவு வந்துவிட்டது. பச்சைத் தொப்பிகள் வரிசையாக நின்றன. "இசக்கி அண்ணே" என்று கத்தினார்கள். டீச்சர் சொல்லிக் கொடுத்திருப்பார். நானும் கைகாட்டினேன். காட்டிய கையில்தான் பாட்டில் இருந்தது. காட்டிவிட்டு அதே கையால் ஓரத்துக்கு எறிந்தேன். அது ஓரத்தில் நிற்கவில்லை. கல்லில் பட்டு ரோட்டுக்குத் திரும்பி உருண்டது. திரும்பிப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுத வேண்டும். பார்த்துக்கொண்டேதான் ரேடியோவில் வண்டியைக் கூப்பிட்டேன்.

அது ஓசிப் பாட்டிலுக்கு ஆசைப்பட்ட பிள்ளை இல்லை. எடுத்துரு என்று நான் சொன்னேன், எடுக்க வந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிரபாகர் சாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சாதாரணக் குரலில், "அந்தப் பொண்ணு திரும்பி வரப்போறதில்ல, முத்து" என்றார்.

"ஜெபராஜ் அண்ணன் இருக்காருல்லா சார்."

"அவருக்கு வக்கீல் நாங்களே பாக்கறோம். உங்க விஷயத்தை மட்டும் யோசிங்க. இதைச் சொன்னீங்கன்னா தேஜஸோட பட்டம் பத்தியும் கேள்வி வரும். ஆறு பேர் வேலை இது. நானும் பொண்ணு பெத்தவன்தான். எனக்கு மட்டும் நல்லா இருக்குன்னா நினைக்கறீங்க?"

நீங்கள் மெதுவாகப் போகச் சொன்னீர்களா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி முழுதும் கேட்டார். "பாட்டில் போட்டதுக்கு நான் என்ன செக்‌ஷன்ல ஒம்ம மேல கேஸ் போட?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தார். "டிரைவர் கேசு கோர்ட்டுக்கு வரும்போது வந்து இதையே சொல்லுவீரா?"

"சொல்லுவேன் சார்."

"பெறவு மாத்திப் பேசக் கூடாது."

எழுதி வாங்கிக்கொண்டார். நடுவர்களுக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். ராத்திரி அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஜெபராஜ் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வச்சிருதேன்" என்று மட்டும் சொன்னார். அவரிடம் நன்றி எதிர்பார்த்தேனோ என்னவோ. வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாறையடியூருக்குப் போனேன். சைக்கிளில் போகவில்லை, பஸ்ஸில்.

பந்தயத்துக்காகப் போட்ட தார் இன்னும் கறுப்பாக இருக்கிறது. வளைவில் வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். சாக்பீஸில் போலீஸ் போட்டது. முக்கால்வாசி அழிந்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் புதிதாகப் பச்சை நிறத்தில் இரண்டு குப்பைத்தொட்டி. பந்தயத்தின் பெயர் எழுதியிருந்தது.

டீக்கடையில் வீடு எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் கை காட்டினார். பெஞ்சில் இருந்த ஒருவர், "பேப்பர்காரவியளா?" என்றார். இல்லை என்றேன். "ஓசில குடுக்கான்னு பாட்டிலுக்கு ஓடிட்டு. பிள்ளையள அப்படி வளத்தா என்ன செய்ய" என்றார். நான் கடைக்காரர் காட்டிய பக்கம் நடந்தேன்.

வீட்டு முன்னால் பந்தல் பிரிக்காமல் இருந்தது. அப்பா கேரளாவில் கட்டட வேலை பார்க்கிறவர். வந்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மா பேச்சித்தாய் உள்ளிருந்து வந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த சைக்கிள்கார தம்பில்லா. அன்னைக்குப் பூரா ஒங்க பேச்சுத்தான். உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பச்சைக் கொடி எங்கே இருந்தது, நான் எங்கே போட்டேன், எந்தக் கையால் போட்டேன், ஏன் போட்டேன் எல்லாவற்றையும். போட்டால் எடுத்துரு என்று அவளிடம் நான் சொன்னதையும். அப்பா தலையைத் தூக்கவில்லை. அவர் கை மட்டும் தரையில் கிடந்த ஒரு துரும்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேச்சித்தாய் ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப அவ ஓசிக்கு ஓடல."

"இல்லக்கா."

"நானுஞ் சொன்னேன். வீட்டுல ஸ்டீல் பாட்டில் இருக்கு, எம்பிள்ள எதுக்கு அதுக்கு ஓடப்போறான்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. இவுஹளே நம்பல." புருஷனைக் காட்டினாள். "பிள்ளைய ஏன் ஒழுங்கா வளக்கலன்னு எங்கிட்ட கேக்காஹ. பொதைச்சிட்டு வந்த அன்னைக்கே கேட்டாஹ."

அவர் அப்போதுதான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை என் வாய்வரை வந்திருந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"வாங்க."

"எங்கக்கா?"

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஆவுது? அங்க வந்து சொல்லுங்க."

டீக்கடைக்கு நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். வழியில் கதவோரம் நின்ற பெண்கள் பார்த்தார்கள். கடையில் அதே பெஞ்சு, அதே ஆட்கள். பேச்சித்தாயைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். பாட்டிலைப் போட்டது நான், போடக் கூடாத இடத்தில் போட்டேன், எடுக்கச் சொன்னதும் நான்தான், பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வந்தது என்று சொன்னேன். சற்று முன் என்னிடம் பேசியவர் கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். கடைக்காரர் அடுப்பைத் தணித்தார்.

பேச்சித்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

"வாங்க தம்பி. இன்னும் மேலத்தெரு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு."